காமிக்ஸ் ஏலமும் காற்றடித்த விலைகளும்

2014 ஆகஸ்டில் ஈபேயில் ஒரு காமிக்ஸ் புத்தகம் ஏலத்துக்கு வந்தது. ஆரம்ப விலை 99 சென்ட். ஒரு முழு டாலர்கூட இல்லை! பத்து நாள் கழித்து ஏலம் முடிந்தபோது நின்ற விலை 32,07,852 டாலர். புத்தகம், 1938-இல் பத்து சென்ட்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ். சூப்பர்மேன் முதன்முதலாகத் தலைகாட்டியது அதில்தான். விற்றவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. பழைய காமிக்ஸ் வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர். முப்பது லட்சம் டாலர் போகிற சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு, 99 சென்ட்டில் ஆரம்பித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது அதே ஈபேயில் வேறொரு பெயரைத் தட்டிப் பாருங்கள். 1991-இல் மார்வெல் வெளியிட்ட 'எக்ஸ்-மென்' முதல் இதழ். எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போனதாகக் கின்னஸ் புத்தகத்திலேயே இடம் பிடித்த இதழ். வாங்கினவர்களில் பெரும்பாலோர் படிக்க வாங்கவில்லை. பின்னால் விலை ஏறும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். ஆகவே இன்றைக்கும் புத்தம் புதிதாகக் கொட்டிக் கிடக்கிறது. அதைத்தான் சிலர் 'அரிது! முதலீடு! ஒரே பிரதி!' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, வாயில் வந்த தொகையைக் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். விலை மட்டும் இறங்காது.

உண்மையிலேயே அரிதான புத்தகத்துக்கு விலையே வைக்காமல் விற்றார் ஒருவர். தெருவுக்குத் தெரு கிடைக்கிற புத்தகத்துக்கு விலை வைத்தே தீருவேன் என்கிறார் இன்னொருவர். பழைய காமிக்ஸ் வியாபாரத்தின் மொத்தக் கோளாறும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கிறது. கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. இந்தச் சின்ன விஷயத்தைக் குழப்புவதால்தான் இங்கே பல பேருக்குப் பிழைப்பு நடக்கிறது. குழம்புகிறவர்களுக்குக் காசு போகிறது.

பரணில் தாத்தாவின் பெட்டியைக் கண்டுபிடித்த ஒரு குடும்பம் என்ன செய்யும்? புத்தகத்தின் பெயரையும் இதழ் எண்ணையும் தட்டித் தேடும். முதலில் வந்து விழுவது, தற்போது விற்பனைக்கு வைத்திருப்பவர்களின் பட்டியல். அதில் ஒருவர் 400 கேட்டிருப்பார், இன்னொருவர் 650, மூன்றாமவர் 1,200. 'ஓஹோ, சுமார் 700 போகும் போலிருக்கிறது' என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் எப்படிப்பட்ட பிரதிகள்? அந்த விலைக்கு இன்னும் யாரும் வாங்காத பிரதிகள்! நியாயமான விலை சொன்னவருடைய பிரதி விற்றுப் பட்டியலை விட்டுப் போய்விட்டது. விற்காமல் தங்கியவைதான் கண்ணுக்குத் தெரிகின்றன. போகாத பேருந்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரிப்பது மாதிரி இது.

இத்தனைக்கும் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டு என்று கேட்கிற வசதி அதே பக்கத்தில் இருக்கிறது. ஒரு சொடுக்கு. ஏறத்தாழ கடைசி மூன்று மாதத்தில் உண்மையிலேயே காசு பேசப்பட்ட விலைகள் வந்துவிடும். முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை. போனால் மனசு உடைந்துவிடும் என்ற பயமோ என்னவோ.

அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்பது வேறு விஷயம். ஈபேயில் 'உங்கள் விலையைச் சொல்லுங்கள்' என்று பேரத்துக்கு இடம்விட்டு விற்பவர்கள் உண்டு. 500 கேட்டவர் 290-க்கு ஒப்புக்கொண்டு கொடுத்திருப்பார். விற்றவை பட்டியலில் 500 என்ற எண்ணின் மேல் ஒரு கோடு அடித்துக் காட்டுவார்களே தவிர, 290 என்ற உண்மை அங்கே இருக்காது. அந்தக் கோட்டைக் கவனிக்காதவர் '500-க்குப் போயிருக்கிறது' என்று குறித்துக்கொள்வார். ஏலத்தில் ஜெயித்துவிட்டுக் காசு கட்டாமல் ஓடிப்போனவர்களின் விலையும் அந்தப் பட்டியலில் ஏறிவிடும். ஆகவே ஒரே ஒரு விற்பனையைக் காட்டி 'இதுதான் மார்க்கெட் ரேட்' என்று யாராவது சொன்னால், அவர் விவரம் தெரியாதவர் அல்லது விற்கப் போகிறவர்.

ஏலம் எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் விலையின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. ஈபேயில் ஏலம் கேட்பவர் தன் உச்சவரம்பை ரகசியமாகப் போட்டு வைத்துவிடலாம். எதிராளி கேட்கக் கேட்க, அவருக்காக ஈபேயே ஒரு படி மேலே கேட்டுக்கொண்டு போகும். ஒருவர் 500 டாலர் வரை கொடுக்கத் தயார், அடுத்தவர் 180-ஓடு நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முடிகிற விலை 182.50. அதாவது விலையைத் தீர்மானித்தது ஜெயித்தவர் இல்லை, தோற்றவர்! ஒரு பைத்தியக்காரர் மட்டும் இருந்தால் விலை ஏறாது. இரண்டு பேர் வேண்டும். அதே பிரதி அடுத்த வாரம் ஏலத்துக்கு வரும்போது, போன வாரம் ஜெயித்தவருக்கு அது தேவையில்லை. மிச்சம் இருப்பவர் அந்த 180-காரரும் அவருக்குக் கீழே இருப்பவர்களும்தான். 'போன வாரம் 182 போனதே' என்று கேட்டால் 150-க்கு நின்றாலும் நிற்கும்.

இதனால்தான் கள்ள ஏலத்துக்கும் இங்கே வேலை இருக்கிறது. விற்பவரின் மச்சானோ நண்பனோ இன்னொரு கணக்கில் வந்து இரண்டாவது ஆளாக நின்றுவிட்டால் போதும், விலை தானாக ஏறும். ஈபே விதிப்படி இது குற்றம். ஆனால் ஏலம் கேட்பவர்களின் முழுப்பெயர் தெரியாமல் நடுவில் நட்சத்திரக் குறிகளைப் போட்டு மறைத்திருப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்டுபிடிப்பது கஷ்டம். அப்படி ஏற்றிய விலையும் 'விற்றவை' பட்டியலில் போய் உட்கார்ந்து, அடுத்த அப்பாவிக்கு ஆதாரமாகிவிடும்.

சரி, புத்தகம் பார்த்து விலை வைக்கலாமே என்பார்கள். இருக்கிறது. ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் 1970-இல் ஆரம்பித்த விலைக் கையேடு, ஆண்டுக்கொரு முறை வருகிறது. அமெரிக்க காமிக்ஸ் சேகரிப்பாளர்களுக்கு அது வேதப் புத்தகம் மாதிரி. எந்த இதழில் யார் முதலில் வந்தார், ஓவியர் யார் என்பதற்கெல்லாம் அதைப்போல உதவும் புத்தகம் இல்லை. அந்த உழைப்பைக் குறை சொல்ல முடியாது. விலை விஷயம் வேறு. ஆண்டுக்கு ஒரு முறை அச்சாகிற எண் ஒன்று, வாரத்துக்கு வாரம் மாறுகிற சந்தையைப் பிடிக்க முடியாது. தவிர, அதற்கு ஆலோசனை சொல்பவர்களில் நிறையப் பேர் வியாபாரிகள். ஈபே வருவதற்கு முன் (அது 1995-இல்தான் வந்தது) கடைக்காரர் ஒருவர் சொல்வதே விலை என்று இருந்த காலத்தில் அந்தக் கையேடு வாங்குபவரைக் காப்பாற்றியது. இப்போதோ, கையேட்டு விலையில் பாதிக்கும் விற்காத புத்தகங்களும் இருக்கின்றன, இரண்டு மடங்குக்குப் போகிறவையும் இருக்கின்றன. 'கையேட்டில் 80 டாலர், உங்களுக்காக 60' என்பது தள்ளுபடி மாதிரி தெரியும். அந்தப் புத்தகம் வாரா வாரம் 25-க்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

இதைவிடப் பெரிய தொல்லை செய்தித்தாள். 2025 நவம்பரில் 'சூப்பர்மேன்' முதல் இதழ் ஒன்று ஹெரிடேஜ் ஏலத்தில் 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய தேதியில் எந்த காமிக்ஸும் அதுவரை தொடாத விலை. கலிஃபோர்னியாவில் தாயார் காலமான பிறகு, பரணில் பழைய பத்திரிகைகளோடு கிடந்த பெட்டியில் பிள்ளைகள் கண்டெடுத்த பிரதி. செய்தி உலகமெல்லாம் வந்தது. வந்த மறுநாளே எத்தனை வீடுகளில் பரணுக்கு ஏணி போட்டிருப்பார்கள்! அந்தச் செய்திகளில் அடிக்குறிப்பாகக்கூட அவ்வளவாக வராத விஷயம், ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் வாங்கும் கமிஷனும் அந்தத் தொகைக்குள் அடக்கம் என்பது. 2010 பிப்ரவரியில் பேட்மேன் முதலில் தோன்றிய 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழ் அதே ஹெரிடேஜில் 10,75,500 டாலருக்குப் போனது என்று எழுதினார்கள். சுத்தியல் விழுந்தது 9 லட்சத்துக்கு; மீதி பத்தொன்பதரை சதவீதக் கமிஷன். விற்றவர் கைக்கு அந்த முழுத்தொகை போகவில்லை.

இது பெரிய புத்தகங்களின் கதை. 1940-களில் போர்க்காலத்தில் பழைய காகிதம் திரட்டியபோது மூட்டை மூட்டையாக அரைபட்டுப் போனதால்தான் அந்தக் கால இதழ்கள் இவ்வளவு அரிது. 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் இரண்டு லட்சம் பிரதி அச்சானது. மிஞ்சியது நூறு சொச்சம்தான் என்பது பொதுவான கணிப்பு. 1990-களின் இதழ்களை யாரும் அரைக்கவில்லை. எல்லோருமே பத்திரப்படுத்தினார்கள். 1992-இல் சூப்பர்மேனைச் சாகடித்து, 75-ஆம் இதழைக் கறுப்பு உறையில் மூடி, துக்கப் பட்டையையும் உள்ளே வைத்து விற்றபோது கடைவாசலில் வரிசை நின்றது. கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பிள்ளைகள் பெயரில் வாங்கிவைத்த அப்பாக்கள் உண்டு. ஊகவாணிபம் சரிந்து, கடைகள் ஆயிரக்கணக்கில் மூடி, 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். கறுப்பு உறை இன்னும் சில டாலருக்குக் கிடைக்கிறது.

2020, 2021-இல் அதே கூத்து மறுபடி நடந்தது. ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கையில் காசு இருந்தது, விலைகள் எகிறின. 2022-இலிருந்து இறங்க ஆரம்பித்தன. ஆனால் விற்பவர்களில் பலருக்கு நாள்காட்டி 2021-லேயே நின்றுவிட்டது. அந்த ஆண்டின் உச்ச விலையைப் படம் பிடித்து லிஸ்டிங்கில் ஒட்டியே விற்கிறார்கள். சினிமா அறிவிப்பும் இப்படித்தான். ஒரு பாத்திரம் படத்தில் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் அது முதலில் தோன்றிய இதழ் ஏறும். படம் வெளிவரும் முன்பே விவரமானவர்கள் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். படம் பார்த்துவிட்டு உற்சாகமாக வாங்குபவர் தலையில் விடியும். விலக்குகள் உண்டு. 2003-இல் ஏழாயிரத்துச் சொச்சம் பிரதிகளே அச்சான 'வாக்கிங் டெட்' முதல் இதழ், 2010-இல் தொலைக்காட்சித் தொடர் வந்தபின் ஏறியதில் அர்த்தம் இருந்தது. பிரதியே கொஞ்சம், தேடியவர் ஏராளம். ஏழாயிரத்துக்கும் எண்பது லட்சத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் 'முதல் இதழ்' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நம்பி விலை வைப்பதுதான் கொடுமை.

அடுத்தது பிளாஸ்டிக் பெட்டி. 2000-இல் சிஜிசி என்ற நிறுவனம் தொடங்கியது. புத்தகத்தை அனுப்பினால் பக்கம் பக்கமாகப் பார்த்து, அரையிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் வைத்து மூடி அனுப்புவார்கள். இதில் நல்லது இல்லாமல் இல்லை. விற்பவரே 'கிட்டத்தட்டப் புதுசு' என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மூன்றாவது ஆள் ஒருவர் பார்த்துச் சொல்வது பெரிய விஷயம். கிழிசலை ஒட்டி, நிறம் தீட்டி மறைத்த புத்தகத்துக்கு ஊதா நிறச் சீட்டு ஒட்டிக் காட்டிக்கொடுத்தார்கள். 1984-இல் சுமார் மூவாயிரம் பிரதி மட்டும் அச்சான 'நிஞ்ஜா டர்ட்டில்ஸ்' முதல் இதழுக்குப் போலிகளே உலவுகின்றன; அப்படிப்பட்டதை ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்குபவர் பெட்டியைத் தேடுவது நியாயம்தான்.

ஆனால் அது எங்கே போய் நிற்கிறது? போன மாதம் அச்சான புத்தகத்தையெல்லாம் பெட்டிக்குள் போடுகிறார்கள். 9.6 வாங்கிய பிரதிக்கும் 9.8 வாங்கிய பிரதிக்கும் விலையில் இரண்டு மடங்கு வித்தியாசம் வருவது சகஜம். என்ன வித்தியாசம் என்று பார்க்கலாம் என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் மதிப்பெண் செல்லாது! ஆகவே யாரும் திறப்பதில்லை. ஆகவே யாரும் படிப்பதில்லை. விற்பது காமிக்ஸ் இல்லை, மேலே ஒட்டியிருக்கும் சீட்டு.

மதிப்பெண்ணை ஏற்றவும் வழி வைத்திருக்கிறார்கள். சூட்டிலும் ஈரத்திலும் அழுத்தி மடிப்புகளை எடுக்கிற வேலை, நம்மூர் பாஷையில் சொன்னால் இஸ்திரி. அதைச் சிஜிசி 'பழுதுபார்த்தல்' என்று கணக்கில் எடுப்பதில்லை. 2012-இல் சிஜிசியின் தாய் நிறுவனம் அப்படி இஸ்திரி போடுகிற கம்பெனி ஒன்றையே வாங்கிக்கொண்டது. ஒரு கை இஸ்திரி போடுகிறது, இன்னொரு கை மதிப்பெண் போடுகிறது, கட்டணம் இரண்டுக்கும் உண்டு. 2021-இல் பிளாக்ஸ்டோன் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் அந்தக் குழுமத்தில் பெரும்பங்கை வாங்கியது சும்மா சூப்பர்மேன் மேலுள்ள பாசத்தால் இல்லை.

பெட்டியாவது பூட்டியே இருக்கிறதா? 2023 கடைசியில் அந்த நம்பிக்கைக்கும் அடி விழுந்தது. உயர்ந்த மதிப்பெண் சீட்டு உள்ள பெட்டியில் மட்டமான பிரதியை மாற்றி வைத்து, 'பெட்டி கீறல் விழுந்துவிட்டது, வேறு மாட்டிக் கொடுங்கள்' என்று சிஜிசிக்கே அனுப்பியிருக்கிறார்கள். அவர்களும் மறுபடி சோதிக்காமல் புதுப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சந்தேகத்துக்குரிய சான்றிதழ் எண்களின் பட்டியலை நிறுவனமே வெளியிட வேண்டி வந்தது. சீட்டை மட்டும் பார்த்து விலை கொடுத்தவர்கள் அந்தப் பட்டியலில் தங்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையும் பொழுதுபோக்குக்காரர்களின் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். நஷ்டப்படுவது யார் என்று பாருங்கள். 1977-இல் கொலராடோவில் எட்கர் சர்ச் என்பவரின் வீட்டைக் காலி செய்த குடும்பம், பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய காமிக்ஸை சக் ரொஸான்ஸ்கி என்ற இளம் வியாபாரிக்கு மிகச் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டது. பழைய காமிக்ஸ் உலகில் இன்றும் அதற்கு மேல் ஒரு தொகுப்பைச் சொல்வதில்லை. அந்தக் குடும்பத்துக்கு விலை தெரிந்துகொள்ள வழியே இல்லை. இன்றைய குடும்பத்துக்கு வழி இருக்கிறது, ஆனால் பொய் விலைகளுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. வானளாவிய விலையை நம்பி வைத்துப் பார்ப்பார்கள். ஆறு மாதம் போகாது. ஒரு நாள் வெறுத்துப்போய் மொத்தப் பெட்டியையும் வந்த விலைக்கு ஒரு வியாபாரியிடம் தள்ளிவிடுவார்கள். பெட்டிக்குள் உண்மையிலேயே மதிப்புள்ள நாலு புத்தகமும் குப்பையோடு குப்பையாகப் போய்விடும். மறுபக்கம், கதை படிக்க ஆசைப்பட்டு இருபது டாலரோடு வருகிற மாணவன். அவனுக்கு முதுகு கிழிந்த, பின் துருப்பிடித்த பிரதி போதும். ஆனால் அதற்கும் 'முக்கிய இதழ்' என்று முத்திரை குத்தி, நல்ல பிரதியின் விலையில் பாதி கேட்கிறார்கள்.

தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு இது புதுக்கதை இல்லை. 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டால் தலை சுற்றும். மாயாவியே இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழிலிருந்து வந்தவர். கதை மறுபதிப்பாகவும் வந்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சாணித்தாள் பிரதிதான் வேண்டும் என்பவர்களின் ஏக்கத்தை அளந்து விலை சொல்கிறார்கள். அங்கே விற்றவை பட்டியல்கூடக் கிடையாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல, அதுவே விலையாகிவிடுகிறது.

அப்படியானால் எப்படித்தான் விலை வைப்பது? முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். 1974-இல் டிசி நிறுவனம் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பெரிய அளவில் அப்படியே மறுபதிப்புச் செய்தது. வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே அசல் மாதிரியே இருக்கும். அளவு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அளவுகோலை வைத்துப் பார்க்காமல் கோடீஸ்வரர் ஆகிவிட்டதாகக் கனவு கண்டவர்கள் ஏராளம் :-) 1977-இன் 'ஸ்டார் வார்ஸ்' முதல் இதழும் அப்படித்தான். வழக்கமான விலை 30 சென்ட். சோதனைக்காகச் சில ஊர்களில் மட்டும் 35 சென்ட் என்று அச்சிட்டு விற்ற பிரதிதான் அரிது. ஆனால் பின்னால் வந்த மறுபதிப்பிலும் 35 சென்ட் என்றே இருக்கும். அட்டையில் 35 என்ற எண்ணைப் பார்த்ததுமே துள்ளிக் குதிப்பவர்களால் ஈபே நிரம்பி வழிகிறது.

பிறகு குறைகளைப் பார்க்க வேண்டும். முதுகில் வெள்ளைக் கீறல், பின் துரு, நடுத்தாள் கழன்றிருக்கிறதா, தாள் வெள்ளையா பழுப்பா. பெற்றோர் தம் பிள்ளைக்கு மார்க் போடுவது போல இதைச் செய்யக்கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்துப் போடுவது விற்பவருக்கே நல்லது. திருப்பி அனுப்பினால் தபால் செலவும் போய், பெயரும் போகும்.

அதன் பிறகுதான் விலை. அதே நிலையில் உள்ள பிரதிகள் கடைசி மூன்று மாதத்தில் 90, 110, 115, 120, 120, 125, 260 என்று ஏழு தடவை விற்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் 134 வரும். அது பொய். அந்த ஒற்றை 260 தூக்கிவிட்ட எண். வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 120. அந்தப் புத்தகத்தின் விலை 120-தான். 260-ஐத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிரதியாகவோ பேரக் கோடு அடித்த விலையாகவோ இருக்கும். நிறையப் பேர் தேடுகிற புத்தகம் என்றால் 99 சென்ட்டில் ஆரம்பித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். இருவர் சேர்ந்தால் போதும், 120-க்குப் பக்கத்தில் அதுவே வந்து நிற்கும். குறைந்தபட்ச விலை என்று ரகசிய வரம்பு வைப்பது வருகிறவர்களை விரட்டத்தான் உதவும்.

ஆனால் இந்த 99 சென்ட் வைத்தியம் எல்லா நோய்க்கும் ஆகாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு இரண்டு பேர் தேடுகிற விசித்திரமான இதழை ஏலத்தில் விட்டால், அந்த வாரம் ஒருவர்தான் வருவார். எதிராளி இல்லை. 99 சென்ட்டுக்கே தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான். அப்படிப்பட்டதற்கு ஒரு நியாயமான விலையைக் குறித்துக் காத்திருப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் எவரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அந்த விலை நியாயமில்லை என்று அர்த்தம், இறக்க வேண்டும். 'என் பொருள், என் விலை' என்று பதில் சொல்பவர்கள் உண்டு. தாராளமாக. வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஏலக் கடையில் வைத்துவிட்டு அடுத்தவர் கணக்கையும் கெடுப்பதுதான் பிரச்சினை. ஈபே எடுத்துக்கொள்ளும் பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட பங்கையும் தபால் செலவையும் கழித்துப் பார்த்தால் பல புத்தகங்கள் கட்டாது என்பதும் உண்மைதான். கட்டாததை இருபது முப்பதாகச் சேர்த்து ஒரே கட்டாக விற்கலாம். படிக்கிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

கடைசியாக, படங்கள். வுல்வரின் முழுமையாக முதலில் தோன்றிய 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181-ஆம் இதழ் 1974-இல் வந்தது. அந்த ஆண்டு மார்வெல் தன் இதழ்களில் சின்னச் சின்ன முத்திரைகளை அச்சிட்டு, வெட்டி ஆல்பத்தில் ஒட்டுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தது. பிள்ளைகளும் கத்திரிக்கோலை எடுத்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்டார்கள், அவ்வளவுதான். 181-இல் அந்த முத்திரை வெட்டப்பட்ட பிரதி, வெட்டாத பிரதியின் விலையில் பெரும்பகுதியை இழந்துவிடும். இன்று அதை விற்பவர் அட்டையை எட்டுக் கோணத்தில் படம் எடுத்துப் போடுவார். முத்திரை உள்ள அந்த உள்பக்கத்தின் படத்தை மட்டும் காணோம். விலை எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும், அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படம் போடச் சொல்லிக் கேட்டுவிட்டுக் காத்திருப்பதே நல்லது. பதில் வராத லிஸ்டிங்குகள் நிறைய.